நாலு டயரும் சமமாத் தேயணுமாம்!



ஆபீஸ்ல ஆணி அதிகம். ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இன்னைக்கும் வந்திருக்க மாட்டேன். போன சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் பார்ட்டியில நடந்த வாக்குவாதம் தொண்டையிலேயே நிக்குது. அங்கே கேக் வெட்டற நேரத்துல கத்த முடியாது. இங்கே கத்திக்கிறேன்.

விஷயம் கார் டயர். சிரிக்காதீங்க, கடைசி வரைக்கும் படிங்க.

என்னோடது ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். பின்சக்கரத்துக்கு மட்டும் இன்ஜின் சக்தி போற வகை. புதுசு இல்லை, நான் மூணாவது ஓனர். கம்பெனி பேரு வேண்டாம், என் சண்டை அவங்களோட இல்லை. முன்னாடி 225 மில்லிமீட்டர் அகல டயர், பின்னாடி 255. பின்டயர் ரெண்டும் 14,000 மைல்ல முடிஞ்சுபோச்சு. முன்டயர்ல இன்னும் பாதி உயிர் இருக்கு. பின்டயர் மாத்தப் போறேன்னு பார்ட்டியில வாய்தவறிச் சொல்லிட்டேன். அவ்வளவுதான், மூணு பேர்கிட்டேர்ந்து மூணு தீர்ப்பு வந்துச்சு.

ஹைபிரிட் செடான் வெச்சிருக்கிற அண்ணன்: "தம்பி, என் டயர் 60,000 மைல் வருது. நீ ஓட்டற லட்சணம் அப்படி."

ரெண்டாமவர்: "ரொட்டேட் பண்ணியிருக்கணும். முன்னாடி பின்னாடி மாத்தி மாத்திப் போட்டிருந்தா நாலும் சமமாத் தேஞ்சிருக்கும்."

மூணாமவர், ரொம்ப அக்கறையா: "முன்னாடிதான் நல்லா இருக்கில்லே? ஸ்டியரிங் அங்கேதானே இருக்கு. பின்னாடி இன்னும் ஒரு மழைக்காலம் தள்ளு, அப்புறம் நாலையும் சேர்த்து மாத்திக்கலாம்."

முதல் ஆள் சொன்னது பாதி தப்பு. ரெண்டாம் ஆள் சொன்னது என் கார்ல செய்யவே முடியாது. மூணாம் ஆள் சொன்னது ஆளைக் கொல்லும். இதை நான் புத்தகத்துல படிச்சுச் சொல்லலை. மூணாம் ஆள் சொன்ன அதே வேலையைச் செஞ்சுதான், கல்யாணமாகி நாலே மாசத்துல தங்கமணியைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு, ஹைவேல தட்டாமாலை சுத்தினேன்.

2023 ஜனவரி. அப்போ கலிஃபோர்னியாவுல இருந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிசம்பர் கடைசியில ஆரம்பிச்சு மூணு வாரம் புயல் மேல புயல். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 280ல தெற்கே வந்து, கூபர்டினோ பக்கத்துல 85க்குப் பிரியற வளைவுல இறங்கறேன். வேகம் 45 மைல். அந்த வளைவுல நான் தினமும் போறதை விடக் குறைச்சல்தான். ரோட்டுல தண்ணி தேங்கியிருந்துச்சு. ஸ்டியரிங் சாதாரணமா இருந்துச்சு. திடீர்னு முதுகுக்குப் பின்னாடி யாரோ காரைப் பக்கவாட்டுல தள்ளின மாதிரி ஒரு உணர்வு. பயத்துல ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை வெடுக்குன்னு எடுத்தேன். அதுதான் செய்யக்கூடாத வேலை. எடை முன்பக்கம் சாய்ஞ்சு, பின்டயருக்கு மிச்சமிருந்த கொஞ்சநஞ்சப் பிடியும் போச்சு. டேஷ்போர்டுல அந்த வழுக்கற கார் விளக்கு மினுக் மினுக்னு எரிஞ்சது. கார் ஒரு முழுச் சுத்தும் இன்னொரு பாதியும் சுத்தி, வந்த திசையைப் பார்த்து ஓரத்துல நின்னுச்சு. பின்னாடி வந்த லாரிக்காரர் தூரத்துலேயே வேகத்தைக் குறைச்சதால இன்னைக்கு இதை எழுதிக்கிட்டு இருக்கேன்.

தங்கமணி வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. வீட்டுக்கு வந்ததும் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "டயர் நல்லா இருக்குன்னுதானே சொன்னே?"

ஆமா, சொன்னேன். மூணு மாசம் முன்னாடி ஒரு டயர் கடையில காட்டியிருந்தேன். கவுன்டர்ல இருந்தவர் அளவுக்கோலை டயரோட வெளிப்பக்க வரியில விட்டுப் பார்த்துட்டு, "4/32 இஞ்ச் இருக்கு, வசந்தம் வரைக்கும் தாங்கும்"னார். 90 டாலருக்கு அலைன்மென்ட்டும் பண்ணிவிட்டார். மறுநாள் காலையில டார்ச் அடிச்சு, தரையில படுத்து, பின்டயரோட உள்பக்கத்தைப் பார்த்தேன். வெளிப்பக்கம் வரி நல்லாத்தான் இருந்துச்சு. உள்பக்க ஓரத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. மொட்டை. இடது டயர்ல கம்பி வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

இதுதான் நான் சொல்ல வர்ற விஷயம். முன்டயருக்கும் பின்டயருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் இந்த மாதிரி கார்ல இயல்பு. ஒரே டயரோட உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் நோய். நம்மாளுங்க முதலாவதைப் பார்த்துப் பதறுறாங்க. ரெண்டாவதைக் குனிஞ்சுகூடப் பார்க்கிறதில்லை.

நாம போடற செருப்பையே எடுத்துக்குங்க. குதிகால் பக்கம் முன்பக்கத்தை விடச் சீக்கிரம் தேயும். அதுக்காக யாரும் டாக்டர்கிட்ட ஓடறதில்லை, நடக்கறதுன்னா அப்படித்தான். ஆனா குதிகால்ல ஒரு ஓரம் மட்டும் கரைஞ்சு சாய்வா நின்னுச்சுன்னா, நடையில ஏதோ கோணல் இருக்குன்னு அர்த்தம். டயருக்கும் இதே கணக்குதான்.

இந்த 'சமம்' எங்கேர்ந்து வந்துச்சு?

எங்க வீட்டுல இருந்தது மாருதி 800. நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு, 145/70 ஆர் 12. டிக்கியில ஸ்டெப்னி அஞ்சாவது. அப்பா ஒரு நோட்டு போட்டு வெச்சிருப்பார். எந்தத் தேதியில எந்த டயர் எந்தச் சக்கரத்துக்குப் போச்சுன்னு அதுல கட்டம் போட்டு எழுதியிருக்கும். இன்னைக்கும் போன்ல நான் டயர்னு ஆரம்பிச்சா, "ரொட்டேட் பண்ணினியாடா?"ன்னுதான் கேட்பார்.

அப்பா செஞ்சது நூத்துக்கு நூறு சரி. மாருதி 800 முன்சக்கர டிரைவ். இழுக்கிறது முன்டயர், திருப்பறது முன்டயர், பிரேக்ல பாதிக்கு மேல பாரம் தாங்கறதும் முன்டயர். பின்டயர் சும்மா கூடவே உருண்டு வரும். அதனால முன்டயர் சீக்கிரம் தேயும். அஞ்சும் ஒரே அளவுங்கறதால இடம் மாத்திப் போட்டு, எல்லாத்துலயும் முழு உழைப்பை வாங்கினார். மாசச் சம்பளத்துல வண்டி ஓட்டறவர் அதைத்தான் செய்யணும்.

தப்பு எங்கேன்னா, அந்தக் காருக்குச் சரியான சிக்கனத்தை நாம எல்லாக் காருக்கும் வேதமாக்கிட்டோம். இங்கே வந்து இருபது வருஷமாகியும் அந்த நோட்டை மனசுல வெச்சுக்கிட்டே அடுத்தவன் காருக்குத் தீர்ப்பு சொல்றோம்.

பின்டயர் ஏன் முதல்ல தேயுது?

நான் படிச்சது மெக்கானிக்கல், பிழைப்பு பொட்டி தட்டறது. அந்த நாலு வருஷப் படிப்பு உபயோகப்படற ஒரே இடம் இது, விட்டுடுங்க :-)

டயர் சும்மா நேரா உருளும்போது அதிகம் தேயறதில்லை. ரோட்டைத் தள்ளும்போது, இழுக்கும்போது, பக்கவாட்டுல பிடிச்சு நிக்கும்போதுதான் தேயும். ஏன்னா எந்த விசையைக் கொடுக்கறதுக்கும் ரப்பர் ரோட்டு மேல துளியாவது வழுக்கியாகணும். அந்தத் துளி வழுக்கல்தான் தேய்மானம். பின்சக்கர டிரைவ் கார்ல இன்ஜினோட மொத்த உதையும் பின்டயர் வழியாத்தான் ரோட்டுக்குப் போகுது. வளைவை விட்டு வெளியே வரும்போது பக்கவாட்டுப் பாரத்தையும் தாங்கணும், முன்னாடியும் தள்ளணும். ரெண்டு வேலை செய்யறவன் ஒரு வேலை செய்யறவனை விடச் சீக்கிரம் களைச்சுப் போறான். இதுல என்ன அதிசயம்?

கார் செஞ்சவங்களுக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். அதுக்காகத்தான் பின்டயரை அகலமாக்கினாங்க. போர்ஷே 911ல இன்ஜின் பின்அச்சுக்கும் பின்னாடி தொங்குது. எடையில கிட்டத்தட்ட 60 சதவீதம் பின்பக்கம்தான். ஆரம்ப வருஷங்கள்ல வளைவுல வாலைச் சுழட்டற கார்னு அதுக்குப் பேரு. 1969 மாடலுக்கு முன்பின் சக்கர இடைவெளியையே 57 மில்லிமீட்டர் நீட்டினாங்க. 1972ல் அறிமுகமான 911 காரெரா ஆர்எஸ் 2.7ல தொழிற்சாலையிலேயே முன்னாடி 185, பின்னாடி 215ன்னு வேற வேற அகலத்துல டயர் போட்டாங்க. 2019ல் வந்த 992 தலைமுறை காரெராவுல அது முன்னாடி 235, பின்னாடி 295 ஆயிடுச்சு. 2020 மாடல்லேர்ந்து இன்ஜினை நடுவுக்குக் கொண்டுவந்த கார்வெட்ல 245, 305. இன்னொரு பக்கம் மாஸ்டா எம்எக்ஸ்-5 பாருங்க. சக்தி குறைவு, எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி, நாலு டயரும் ஒரே அளவு. அந்தக் கார் வெச்சிருந்தா அப்பா நோட்டை எடுத்துக் கட்டம் போட்டுக்கலாம், தாராளமா.

என் கார்ல ரெண்டாமவர் சொன்ன ரொட்டேஷன் நடக்காது. பின்டயர் முன்சக்கரத்துக்குப் பொருந்தாது. டயர்ல சுழலற திசைக்கு அம்பு வேற போட்டிருக்கு, அதனால இடம் வலமும் மாத்த முடியாது. டயர் கம்பெனிக்காரங்களுக்கும் இது தெரியும். அமெரிக்காவுல விக்கற பல டயர்களோட மைலேஜ் வாரன்டியைப் பொறுமையாப் படிச்சுப் பாருங்க. முன்னும் பின்னும் வேற அளவு போட்டு, இடம் மாத்த முடியாத கார்கள்ல பின்டயருக்கு பாதி மைலேஜ்தான் உத்தரவாதம்னு எழுதியிருப்பாங்க. பாதி! விக்கறவனே பாதின்னு ஒத்துக்கறான். பார்ட்டியில சமோசா தின்னுக்கிட்டு இருக்கிறவர் ஒத்துக்க மாட்டேங்கறார்.

ஹைபிரிட் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. உங்க டயரோட ஓரத்துல 'டிரெட்வேர்'னு ஒரு எண் இருக்கும். 100ன்னு வெச்சுக்கிட்ட ஒரு அடிப்படை டயரோட ஒப்பிட்டு, 7,200 மைல் ஓட்டிப் பார்த்து, டயர் கம்பெனி தர்ற எண் அது. உங்களுது 600ன்னு வைங்க, என்னோடது 300. நீங்க வாங்கினது உழைக்கிற ரப்பர், நான் வாங்கினது பிடிக்கிற ரப்பர். பிடிப்பு அதிகம்னா தேய்மானமும் பொதுவா அதிகம்தான். நான் ஓட்டற விதமும் ஒரு காரணம்னு சொன்னா ஒத்துக்கறேன், சிக்னல்ல பச்சை விழுந்தா கால் சும்மா இருக்காது. அதனாலதான் நீங்க சொன்னது பாதி தப்புன்னேன், முழுத் தப்புன்னு சொல்லலை.

நிஜமான வியாதி

சரி, உள்பக்கம் மட்டும் ஏன் மொட்டையாச்சு? ரெண்டு காரணம்.

ஒண்ணு கேம்பர். ஸ்போர்ட்ஸ் கார்ல சக்கரத்தோட மேல்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ஞ்சிருக்கும். வளைவுல கார் சாயும்போது டயர் முழுசா ரோட்டுல படியணும்ங்கறதுக்காக அப்படி வெக்கறாங்க. நேரா போகும்போது உள்ஓரத்துல பாரம் கூடும். இதனால வர்ற தேய்மானம் மெதுவானது, பொறுத்துக்கலாம்.

இன்னொண்ணு டோ. மேலேர்ந்து பார்த்தா சக்கரம் நேரா பார்க்குதா, இல்லை ஒருத்தர் பாதத்தை அகட்டி நடக்கற மாதிரி திரும்பி இருக்கான்னு சொல்ற கோணம். இதுதான் நிஜ வில்லன். கால் டிகிரி தப்பா இருக்குன்னு வைங்க. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கால்குலேட்டர்ல கால் டிகிரிக்கு டேன்ஜென்ட் போட்டுப் பாருங்க: 0.00436 வரும். அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாலு மீட்டருக்கு மேல டயரைப் பக்கவாட்டுல இழுத்துக்கிட்டுப் போன கணக்கு. 10,000 மைல்ல கிட்டத்தட்ட 44 மைல். பார்க்கிங்ல நிக்கற காரைக் கட்டி, 44 மைல் பக்கவாட்டுல தரதரன்னு இழுத்தா ரப்பர் என்னாகும்? கேம்பரால ஏற்கெனவே பாரம் உள்ஓரத்துல இருக்கு. டோ அந்த ஓரத்தையே அரம் மாதிரி அராவுது. ரெண்டும் சேர்ந்தா கம்பி தெரியும்.

அப்போ அந்தக் கடையில 90 டாலருக்குப் பண்ணினது என்ன? அவங்க முன்சக்கரத்தை மட்டும்தான் சரி பண்ணியிருக்காங்க. பில்லுல 'அலைன்மென்ட்'னு ஒரே வார்த்தை. நானும் கேட்கலை. முன்டயர் அமோகமா இருந்துச்சு, அதுல சரிபண்ண ஒண்ணுமே இல்லை. வியாதி பின்னாடி, வைத்தியம் முன்னாடி. வயித்துவலின்னு போனவனுக்குத் தலைவலித் தைலம் தடவி அனுப்பின கதை.

அந்தக் கார் சுத்தினதுக்கு அப்புறம் வேற ஒரு பட்டறைக்குப் போனேன். வயசான மெக்கானிக். நாலு சக்கரத்துலயும் கருவியை மாட்டி, பழைய அளவு, புது அளவுன்னு பக்கத்துல பக்கத்துல அச்சடிச்ச தாளைக் கையில கொடுத்தார். பின்சக்கரம் ரெண்டும் வெளியே திரும்பியிருந்துச்சு, அதுல இடது பக்கம் அதிகம். கேம்பரும் தேவைக்கு மேல. எனக்கு முன்னாடி இருந்த ஓனர் அழகுக்காக காரைத் தாழ்த்தற ஸ்பிரிங் போட்டிருக்கார். தாழ்த்தினா கேம்பரும் டோவும் இடம் மாறும். மறுபடி நாலு சக்கரத்தையும் அளந்து சரி பண்ணணும். அவர் பண்ணலை. நான் பார்க்கலை. கடைக்காரரும் பார்க்கலை. மூணு பேரோட அலட்சியம் ரெண்டு விரல் அகலத்துல சேர்ந்து நின்னுச்சு.

பின்சக்கரம் வெளியே திரும்பியிருந்தா டயர் மட்டும் தேயாது, காரே நிலைகொள்ளாது. நேர் ரோட்டுலயே வால் அலைபாயும். எனக்கு அது தெரியவே இல்லைன்னு சொன்னா பொய். தெரிஞ்சுது. 'ஸ்போர்ட்ஸ் கார்னா இப்படித்தான் துள்ளும்'னு ரசிச்சுக்கிட்டு இருந்தேன். அவ்வ்வ்.

"இன்னும் ஒரு மழைக்காலம் தள்ளு"

இப்போ மூணாமவர். இவர்மேலதான் எனக்கு உண்மையான கோபம். கெட்டவர் இல்லை. அக்கறையாச் சொன்னார். அதனாலதான் இந்த யோசனை இவ்வளவு பரவுது.

'ஸ்டியரிங் முன்னாடி, அதனால நல்ல டயர் முன்னாடி இருக்கணும்'கறது கேட்கறதுக்கு நியாயமா இருக்கு. ஆனா உண்மை நேர் எதிர். முன்டயர் பிடி விட்டா ஸ்டியரிங்ல தெரியும், கை லேசாகும். கார் நேராப் போகப் பார்க்கும். காலை மெதுவா எடுத்தா பெரும்பாலும் பிடி திரும்ப வரும். பின்டயர் பிடி விட்டா முன்னறிவிப்பு கிடையாது. தெரியும்போது கார் ஏற்கெனவே திரும்ப ஆரம்பிச்சிருக்கும். அதைப் பிடிச்சு நிறுத்தற பயிற்சி நம்மள்ல எத்தனை பேருக்கு இருக்கு? எனக்கு இல்லை. ரெண்டு டயர்தான் புதுசு வாங்கறோம்னா அதைப் பின்னாடி போடுங்கன்னு டயர் கம்பெனிகளே வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்காங்க, அதுவும் முன்சக்கர டிரைவ் கார் உட்பட. என் மாதிரி கார்ல பின்டயர்தான் முதல்ல தேயும். ஆகவே எது நல்லா இருக்கணுமோ அதுவே முதல்ல மொட்டையாகும். இந்த வகை காரோட ஆபத்தே இதுதான். இதுல போய் 'இன்னும் தள்ளு'ன்னா?

தண்ணிக் கணக்கும் பார்த்துடுவோம். 1963ல் நாசா ஆராய்ச்சியாளர்கள் விமான டயரை வெச்சு ஒரு சூத்திரம் கொடுத்தாங்க. டயர்ல இருக்கிற காத்தழுத்தத்தோட வர்க்கமூலத்தை 10.35ஆல பெருக்கினா, தேங்கின தண்ணி மேல டயர் மிதக்க ஆரம்பிக்கிற வேகம் தோராயமா மைல்ல வரும். 36 பிஎஸ்ஐக்கு வர்க்கமூலம் 6. ஆக 62 மைல். கார் டயருக்கு இது தோராயம்தான். அகலமான டயருக்குத் தள்ளவேண்டிய தண்ணி அதிகம், அதைத் தள்ளிவிட வரி வேணும். வரி இல்லாத அகல டயர் இன்னும் கம்மி வேகத்துலயே மிதக்கலாம். என்னோடது 45லேயே மிதந்துச்சு. டயர்ல இருக்கிற தேய்மானக் குறி 2/32 இஞ்ச்ல, அதாவது 1.6 மில்லிமீட்டர்ல தலைகாட்டும். அது கடைசி எல்லை. மழைக்கு 4/32லயே மாத்திடறது நல்லது. இங்கே இருக்கிறவங்க கால் டாலர் நாணயத்தைத் தலைகீழா வரியில விட்டுப் பாருங்க. வாஷிங்டன் தலையோட உச்சி முழுசாத் தெரிஞ்சா 4/32க்குக் கீழே போயிட்டீங்க. முக்கியமா, வெளிப்பக்கம் மட்டும் விட்டுப் பார்க்காதீங்க. உள்பக்கம் விடுங்க. அந்தக் கடைக்காரர் செஞ்ச தப்பே அதுதான்.

"அதான் எலக்ட்ரானிக்ஸ் இருக்கே?"ன்னு நம்ம ஜாதி ஆளுங்க கேப்பாங்க. பொட்டி தட்டறவனுக்கு சாஃப்ட்வேர் மேல நம்பிக்கை ஜாஸ்தி. 2012 மாடல்லேர்ந்து அமெரிக்காவுல விக்கற எல்லாப் புதுக் கார்லயும் நிலைப்புக் கட்டுப்பாடு கட்டாயம், சரி. அது என்ன பண்ணுது? நாலு சக்கரத்துல ஒண்ணை மட்டும் தனியாப் பிரேக் பிடிச்சு காரைத் திருப்புது. பிரேக் பிடிக்கணும்னாலும் டயருக்கு ரோட்டுல பிடி வேணுமே? தண்ணி மேல மிதக்கற டயரை எந்தக் கோடும் காப்பாத்தாது. என் கார்ல அந்த விளக்கு நல்லாத்தான் மினுக்குச்சு. காத்தழுத்த எச்சரிக்கை விளக்கும் வேலை செய்யுது, ஆனா அது காத்தைத்தான் பார்க்கும், ரப்பரைப் பார்க்காது.

காசுக் கணக்கும் போடுவோம். எனக்கு பின்டயர் ஜோடி 520 டாலர். 14,000 மைல் உழைச்சுது. ஆயிரம் மைலுக்கு 37 டாலர். மழைக்காலத்துல இன்னும் 2,000 மைல் தள்ளினா மிச்சம் ஆகறது 74 டாலர். நாலு பேரு ஒரு வேளை வெளியில சாப்பிடற காசு. அதுக்காக நான் யாரைப் பக்கத்து சீட்டுல உட்கார வெச்சிருந்தேன்னு யோசிச்சா இன்னைக்கும் கை நடுங்குது.

சமமாக்கறேன் பேர்வழி

இன்னொரு கூட்டம் உண்டு. 'முன்னும் பின்னும் ஒரே அகலத்துல டயர் போட்டுட்டா ரொட்டேட் பண்ணலாமே'ன்னு சொல்றவங்க. ரேஸ் டிராக்குல ஓட்டறவங்க சில பேர் தெரிஞ்சே அப்படிப் பண்றாங்க. சஸ்பென்ஷனையும் அதுக்கேத்த மாதிரி மாத்தறாங்க. அது வேற. டயர் காசை மிச்சம் பிடிக்க பின்னாடி ஒல்லி டயர் மாட்டறது வேற. கார் செஞ்சவன் வேணும்னே வெச்ச வித்தியாசத்தை, ஏன் வெச்சான்னு தெரியாம அழிக்கக்கூடாது.

1960 மாடலா வந்த செவர்லே கார்வேர் இதுக்கு நல்ல பாடம். பின்னாடி இன்ஜின், சுழலும் அச்சு. நிலைக்காக முன்டயர்ல 15 பிஎஸ்ஐ, பின்டயர்ல 26 பிஎஸ்ஐ காத்து வெக்கணும்னு கம்பெனி சொல்லியிருந்துச்சு. அந்தக் காலத்து பெட்ரோல் பங்க்ல நாலுக்கும் சமமா காத்தடிக்கிற கையைப் போய் யார் தடுக்கிறது? உயிர் சம்பந்தப்பட்ட வித்தியாசத்தை இப்படி ஓனர் ஞாபகத்துல தொங்கவிடலாமான்னு 1965ல் ரால்ஃப் நேடர் தன் புத்தகத்தோட முதல் அத்தியாயத்துலேயே சண்டை போட்டார். அந்தக் காலத்து மத்த கார்களை விட அது மோசமில்லைன்னு 1972ல் அரசாங்க அறிக்கை வந்துச்சு, அதையும் சொல்லிடணும். யார் பக்கம் நியாயம்ங்கறது இருக்கட்டும். முன்னும் பின்னும் வேற வேறன்னா அதுக்குக் காரணம் இருக்கும்ங்கறது மட்டும் நமக்குப் போதும்.

ஒரு விதிவிலக்கு. நாலு சக்கரத்துக்கும் சக்தி போற கார் வெச்சிருக்கிறவங்க, நாலு டயரோட சுற்றளவும் கார் கம்பெனி சொன்ன வரம்புக்குள்ள இருக்கான்னு பார்த்துக்குங்க. இல்லைன்னா உள்ளே இருக்கிற பல்சக்கரங்களுக்குச் சேதம். அங்கே சமம்ங்கறது மூடநம்பிக்கை இல்லை, உங்க மேனுவல்ல எழுதியிருக்கிற நிபந்தனை.

"பணக்காரன் பொம்மைக்கு இவ்வளவு நீளப் பதிவா?"ன்னு பின்னூட்டம் வரும்னு தெரியும். ஐயா, புது போர்ஷே வாங்கறவருக்கு டயர் ஒரு செலவே இல்லை. கையிருப்பைத் துடைச்சு பத்து வருஷப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, டயருக்குக் காசில்லாம 'இன்னும் கொஞ்சம் தள்ளு'ன்னு ஓட்டறது என்னை மாதிரி ஆளுங்கதான். மழையில சுத்தற கார் என் ஒருத்தனோட பொம்மை இல்லை. பக்கத்து லேன்ல குழந்தையை வெச்சுக்கிட்டு வர்ற உங்க செடானுக்கும் அதுல பங்கு இருக்கு.

ஆகவே மகாஜனங்களே, நான் கேட்கிறது நாலே நாலு:

1. பின்டயர் முன்டயரை விடச் சீக்கிரம் தேஞ்சா பதறாதீங்க. பின்சக்கர ஸ்போர்ட்ஸ் கார்ல அது வழக்கம்.

2. மாசம் ஒரு தடவை குனிஞ்சு, உள்பக்க ஓரத்தைப் பாருங்க, தொட்டும் பாருங்க. கம்பி இருந்தா கையைக் கிழிக்கும், ஜாக்கிரதை.

3. அலைன்மென்ட்னா நாலு சக்கரமும், கையில அச்சடிச்ச தாளும். தாள் தரலைன்னா காசு தராதீங்க.

4. மழைக்கு முன்னாடி பின்டயர். மழைக்கு அப்புறம் இல்லை.

பார்ட்டியில இதையெல்லாம் சொல்லியிருக்கணும். 'ம்ம், பார்க்கலாம்'னு சொல்லிட்டு கேக்கைத் தின்னுட்டு வந்துட்டேன். வர்ற வழியில தங்கமணி கேட்டா: "அவர் சொன்ன மாதிரி இன்னும் ஒரு மழைக்காலம் தள்ளப் போறியா?" திங்கக்கிழமை காலையில முதல் ஆளாப் போய் புது ஜோடி போட்டுட்டு, அளவுத் தாளை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டேன். நாலு கட்டமும் பச்சை. மறுநாள் தூறல் போட்டப்போ, "வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்"னு அவளே சாவியை எடுத்தா. போயிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தா.

டிஸ்கி: அப்பா இதைப் படிச்சா, அப்பா, உங்க நோட்டு மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நானும் ஒரு நோட்டு போட்டிருக்கேன். டயருக்கு மூணு கட்டம்: உள், நடு, வெளி.